நல்லதையே நினைன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படின்னுதான் யாரும் சொல்றதில்ல – அக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த கடிதங்களை எல்லாம் பிரிச்சு அடுக்கி வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே கேள்விதான் வேற வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு. பாசிட்டிவா யோசிக்கணும்னு ஆசை இருக்கு, ரெண்டு நாள் வருது, மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. அதனால இந்த தடவை சொத்துத் தகராறு, பையனோட லவ் மேட்டர், இட்லி மாவு புளிக்கலைங்கறது எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: எனக்கு 34 வயசு அக்கா. வீட்டுக்காரர் பைக்ல வேலைக்குப் போறார், சாயங்காலம் ஏழு மணிக்கு வரணும், ஏழேகால் ஆயிட்டா எனக்கு நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சுடும், அந்த நேரம் பாத்து தெருவுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா அவ்ளோதான், கை கால் ஓடாது. ரீல்ஸ்ல ஒருத்தங்க சொன்னாங்கன்னு ஒரு மாசமா காலைல கண்ணாடி முன்னாடி நின்னு 'நான் தைரியசாலி, என் வாழ்க்கையில் எல்லாம் நல்லதே நடக்கிறது'ன்னு இருபது தடவை சொல்றேன். சொல்லும்போதே உள்ள ஒரு குரல் 'பொய், பொய்'ங்குது. என்கிட்டதான் ஏதாவது கோளாறா? – வாசகி, கும்பகோணம்

கோளாறு உங்ககிட்ட இல்ல தங்கச்சி, அந்த கண்ணாடி வைத்தியத்துலதான் இருக்கு. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல ஜோன் வுட்னு ஒரு உளவியல் பேராசிரியையும் அவங்க கூட்டாளிங்களும் இதையே சோதிச்சுப் பாத்து 2009-ல எழுதினாங்க. 'நான் அன்பு காட்டத் தகுந்த ஆள்'னு திரும்பத் திரும்ப சொல்லச் சொன்னாங்க. ஏற்கனவே தன்மேல நல்ல மதிப்பு வச்சிருக்கறவங்களுக்கு அது கொஞ்சம் தெம்பு குடுத்துச்சு, ஆனா யாருக்கு அந்தத் தெம்பு நிஜமா வேணுமோ, தன்னைப் பத்தி தாழ்வா நினைச்சுக்கிட்டு இருக்கறவங்க, அவங்களுக்கு சொன்னதுக்கப்புறம் மனசு இன்னும் இறங்கிப் போச்சு. காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க, உள்ள ஒரு குரல் 'பொய்'ங்குதுன்னு. மனசு என்ன சின்னப் புள்ளையா, நிலாவைக் காட்டி சோறு ஊட்டிடறதுக்கு.

சரி, கெட்டதை நினைக்கவே கூடாதுன்னு அமுக்கிப் பாக்கலாமான்னா அதுவும் ஆகாது. மருந்து குடிக்கறப்ப குரங்கை நினைக்காதேன்னு சொன்ன கதை நம்ம பாட்டிங்களுக்கே தெரியும். அமெரிக்காவுல டேனியல் வெக்னர்ங்கறவர் அதையே வெள்ளைக் கரடியை வச்சு செஞ்சு 1987-ல வெளியிட்டார், அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீங்க, நினைப்பு வந்தா மணி அடிங்கன்னு சொல்லி உக்கார வச்சார், மணி விடாம அடிச்சிருக்காங்க. (குரங்குக்குப் பதிலா கரடி, அவ்ளோதான் வித்தியாசம், ஆனா பேர் அவருக்கு.)

அப்ப என்னதான் பண்றது. நான் ஒரு கூட்டுறவு வங்கியில 26 வருஷம் கேஷ் கவுண்டர்ல உக்காந்தவ, கவுன்சிலிங் படிச்சதெல்லாம் அதுக்கப்புறம்தான், ஆனா மனசைப் பத்தி நான் படிச்ச முதல் பாடம் அந்த கவுண்டர்ல நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் கணக்கு முடிக்கறப்ப 5,000 ரூபா குறையுது. எண்ணறேன், குறையுது, திரும்ப எண்ணறேன், அப்பவும் குறையுது. பத்தே நிமிஷத்துல என் மனசு என்னை சஸ்பெண்ட் பண்ணி, பேப்பர்ல போட்டோ போட்டு, என் வீட்டுக்காரர் எங்க அப்பாகிட்ட போய் நிக்கற வரைக்கும் படத்தை ஓட்டி முடிச்சிடுச்சு. பக்கத்து சீட்டு மேடம் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல, நல்லதே நடக்கும்னும் சொல்லல, 'வவுச்சரை எல்லாம் எடு, ஒண்ணொண்ணா டிக் அடி'ன்னாங்க. டிக் அடிச்சுக்கிட்டே வந்தா ஒரு 500 ரூபா வரவை 5,500-ன்னு ஏத்தி வச்சிருக்கேன். பணம் குறையவே இல்ல, எழுத்துதான் தப்பு.

பாசிட்டிவா யோசிக்கறதுன்னா அன்னிலேர்ந்து எனக்கு அதுதான் அர்த்தம், வவுச்சரை எடுத்து டிக் அடிக்கறது. பயந்த மனசு எழுதற பாஸ்புக்ல பற்று மட்டும் கரெக்டா ஏறும், வரவு வந்தா பிரிண்டர்ல மை இல்லைன்னு சொல்லிடும். அதை உக்காத்தி வச்சு முழுக் கணக்கு எழுத வைக்கணும்.

ஒரு நோட்டு போடுங்க, பத்து ரூபா நோட்டு போதும். தேதி, அவர் வரவேண்டிய நேரம், வந்த நேரம், நான் என்ன நினைச்சேன், நிஜத்துல என்ன நடந்துச்சு, இப்படி அஞ்சு கட்டம். ஒரு மாசம் விடாம எழுதுங்க. நாலாவது கட்டத்துல லாரி, ஆஸ்பத்திரி, போலீஸ் போன்னு இருக்கும், அஞ்சாவதுல ரயில்வே கேட், பெட்ரோல் பங்க் க்யூ, மேனேஜர் பிடிச்சு வச்சுட்டார், வாழைப்பழம் வாங்க நின்னார்னு இருக்கும். ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கறப்ப யாரும் உங்களுக்கு தைரியம் சொல்ல வேண்டியதில்ல. இது என் கண்டுபிடிப்பு கிடையாது, ஏரன் பெக்னு ஒரு மனநல டாக்டர், 2021-ல நூறு வயசுல இறந்தார், அவர் 1960-கள்ல நோயாளிகளோட பேசறப்ப கவனிச்சது இது, மனசுல தானா ஒரு வாக்கியம் ஓடுது, அது நிஜமான்னு நம்ம கேக்கறதே இல்ல, ஆனா அழுகை மட்டும் வந்துடுது. அந்த வாக்கியத்தைப் பிடிச்சு சாட்சி எங்கேன்னு கேக்கறதுதான் இன்னிக்கு உலகம் பூரா நடக்கற சிந்தனை சிகிச்சையோட அடிப்படை.

ஒரு விஷயத்துல உங்க பயத்தை நான் திட்ட மாட்டேன். நம்ம ரோட்டுல பைக் ஓட்டறது ஆபத்துதான், அதை மறைச்சு 'எல்லாம் நல்லதே நடக்கும்'னு சொல்றது எனக்கே பிடிக்காது. பயத்துக்கு ஏதாவது உருப்படியான வேலை குடுங்க. ஹெல்மெட்டை டாங்க் மேல மாட்டிட்டுப் போறாரா, தலையில மாட்டி ஸ்ட்ராப் போடறாரா பாருங்க, பின் டயர் வழுக்கையா இருக்கான்னு பாருங்க, ஆபீஸ்லேர்ந்து வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி 'கிளம்பிட்டேன்'னு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, வண்டியில வர்றப்ப நீங்க போன் அடிக்காதீங்க. அது முடிஞ்சா பயத்தோட டியூட்டி முடிஞ்சுது, வீட்டுக்கு அனுப்பிடுங்க.

அப்பவும் ஏழேகாலுக்கு நெஞ்சு அடிச்சா உங்க பேரைச் சொல்லி நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க, 'ஏய், இன்னிக்கு திங்கக்கிழமை, கேட் போட்டிருப்பான்டீ'ன்னு, பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட பேசற மாதிரி. சிரிப்பா இருக்கும். ஆனா மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஈதன் கிராஸ்ங்கறவர் குழு 2014-ல சோதிச்சதுல 'நான்'னு பேசிக்கறதை விட தன் பேரைச் சொல்லி பேசிக்கிட்டவங்க பதட்டத்தை நல்லாவே சமாளிச்சாங்க. நம்ம பாட்டிங்க அடுப்படியில தனியா பேசிக்கிட்டு இருந்ததுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்போல.

கேள்வி: 21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிடும்னு ஒரு சேலஞ்ச் எடுத்தேன், தினமும் ராத்திரி நல்ல விஷயம் எழுதணும்னு. ஒன்பதாம் நாள் விட்டுப் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து, பன்னெண்டாம் நாள் விட்டுப் போச்சு. இப்போ மூணாவது ரவுண்டும் போச்சு. நான் எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன், ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கி வீட்டுக்குப் போறப்ப தலை வேலை செய்யாது. – வாசகர், சேலம்

முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது சார்? அந்த 21 எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், மூக்கை சரி பண்ணிக்கிட்டவங்களுக்கு கண்ணாடியில தெரியற புது மூஞ்சி பழக குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு 1960-ல எழுதினார். 'குறைஞ்சது'ங்கற வார்த்தையை வழியில எங்கயோ தொலைச்சுட்டு நம்மாளுங்க மிச்சத்தை மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க. லண்டன்ல பிலிப்பா லாலின்னு ஒருத்தங்க 96 பேரை வச்சு 12 வாரம் கவனிச்சாங்க, ஒரு பழக்கம் யோசிக்காம தானா வர்றதுக்கு சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18-லேர்ந்து 254 வரைக்கும் போச்சு. அதுல உங்களுக்கு வேண்டிய சமாச்சாரம் இன்னொண்ணு இருக்கு, நடுவுல ஒரு நாள் விட்டதால பழக்கம் கெட்டுப் போகல. ஒன்பதாம் நாள் விட்டா பத்தாம் நாள் எழுதுங்க, அவ்ளோதான், நீங்க என்ன சபரிமலைக்கா மாலை போட்டிருக்கீங்க.

நேரத்தை மாத்துங்க. வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்துக்கிட்டு எழுதலாம்னா அது நடக்காது. கடையில ராத்திரி கல்லாவை எண்ணி கேஷ் புக் எழுதறீங்க இல்ல, அதே புக்ல, அந்தப் பக்கத்துக்குக் கீழேயே மூணு வரி. ஏற்கனவே தினம் நடக்கற ஒரு காரியத்தோட வால்ல கட்டி விட்டா புது காரியம் தொலைஞ்சு போகாது. இந்த மூணு நல்ல விஷயம் எழுதறதை மார்ட்டின் செலிக்மேன்ங்கற உளவியல் பேராசிரியர் குழு 2005-ல சோதிச்சு வெளியிட்டுச்சு, ஒரு வாரம்தான் எழுதச் சொன்னாங்க, ஆனா தானா தொடர்ந்து எழுதினவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சும் பலன் இருந்துச்சு. அதுல பல பேர் விட்டுடற பாதி ஒண்ணு இருக்கு, நல்லது நடந்துச்சுன்னு மட்டும் எழுதாம அது ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும். 'பழைய பாக்கி 1,800 வந்துச்சு' அப்படின்னா, ஏன், 'போன வாரம் நானே வெக்கத்தை விட்டு போன் பண்ணிக் கேட்டேன்'. 'ஒரு அம்மா ஃபேன் ரெகுலேட்டர் வாங்கிட்டு நல்லா சொல்லித் தர்றீங்கன்னாங்க', ஏன், 'கூட்டம் இல்ல, பொறுமையா விளக்கினேன்'. அந்த 'ஏன்'லதான் உங்க கை எங்க இருந்துச்சுன்னு தெரியும், அது இல்லாம எழுதினா வெறும் அதிர்ஷ்டக் கணக்கு. ஒண்ணுமே உருப்படியா நடக்காத நாள் வரும், அன்னிக்கு 'டீ நல்லா இருந்துச்சு, மாஸ்டர் மாறிட்டான்'னு எழுதுங்க, தப்பில்ல.

கேள்வி: வயசு 27. அப்பா டீக்கடை வச்சிருக்கார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மூணு தடவை எழுதிட்டேன், போன தடவை நாலே கேள்வியில போச்சு. ரூம்ல சுவர் பூரா 'என்னால் முடியும்'னு ஒட்டி வச்சிருக்கேன், விஏஓ ஆபீஸ்ல நான் சீட்டுல உக்காந்திருக்கற மாதிரி தினமும் அரை மணி நேரம் கண்ணை மூடி நினைச்சுப் பாக்கறேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நான் எதுக்குமே லாயக்கில்ல, இனிமே என் வாழ்க்கை இப்படித்தான்னு தோணுது. – வாசகர், திருநெல்வேலி

தம்பி, நீங்க கடைசியா எழுதின வரியை நான் பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கேன். 'நான் எதுக்குமே லாயக்கில்ல, இனிமே இப்படித்தான்.' மூணு வார்த்தை பாருங்க, நான், எதுக்குமே, இனிமே. மேல சொன்ன செலிக்மேன் வருஷக்கணக்கா படிச்சதே இந்த மூணைத்தான். தோத்தவுடனே தளர்ந்து உக்காந்துடறவங்க காரணம் சொல்ற விதத்துல இந்த மூணும் இருக்கும்: தப்பு முழுக்க என்னுது, அது எல்லாத்துலயும் பரவியிருக்கு, எப்பவும் இருக்கும். எழுந்து நிக்கறவங்களுக்கும் தோல்வி வருது, அவங்க அதையே அளவா சொல்றாங்க.

உங்களதை அளவா சொல்லிப் பாப்போமா. குரூப் 4-ல 200 கேள்வி, 300 மார்க், கேள்விக்கு ஒன்றரை மார்க், நாலு கேள்வின்னா 6 மார்க். 2024 குரூப் 4-க்கு சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பிச்சாங்க, அறிவிப்புல முதல்ல சொன்னது 6,244 இடம், அதாவது ஒரு நாற்காலிக்கு 300 பேருக்கு மேல. இந்தக் கூட்டத்துல நாலு கேள்வி தூரத்துல நிக்கற பையன் 'எதுக்குமே' லாயக்கில்லாதவனா? கணக்கே இடிக்குதே. 'இந்தப் பரீட்சையில, இந்தத் தடவை, இந்தப் பகுதியில நாலு கேள்வி விட்டேன்', இதுதான் டிக் அடிச்ச வவுச்சர், இதுக்கு மேல ஏத்தினது எல்லாம் 500-ஐ 5,500-ன்னு எழுதின கதைதான்.

செலிக்மேன் கதையில ஒரு திருப்பம் உண்டு, அதை சொல்லாம விட மனசில்ல. 1967-ல அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க (கொடுமையான சோதனைதான், ஷாக் குடுத்தாங்க), என்ன செஞ்சாலும் ஷாக்கை நிறுத்த முடியாதுன்னு பழகின நாய், அப்புறம் தப்பிக்க வழி இருந்தும் அப்படியே படுத்துக்கிச்சு. முடியாதுங்கறதைக் கத்துக்கிச்சுன்னு அப்போ சொன்னாங்க. கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு 2016-ல அதே ரெண்டு பேரும் சேர்ந்து நாங்க தலைகீழா சொல்லிட்டோம்னு எழுதினாங்க. மூளையைப் பாத்தா, தொடர்ந்து அடி விழுந்தா துவண்டு போறதுதான் உடம்போட இயல்பு, அதை யாரும் கத்துக்க வேண்டாம், 'என் கையில ஏதோ இருக்கு'ங்கறதைத்தான் கத்துக்கணும்னு. அதனால மூணு தடவைக்கப்புறம் நீங்க சோந்து போனது உங்க குணம் கெட்டதால இல்ல தம்பி, எந்த ஜீவனும் அப்படித்தான் ஆகும். கையில ஏதோ இருக்குன்னு சின்னதா ஒண்ணைக் காட்டித்தான் அதைத் திரும்பக் கிளப்பணும்.

இப்ப அந்த அரை மணி நேரக் கனவுக்கு வரேன், நீங்க கோவப்படலாம். ஜெர்மனியைச் சேர்ந்த காப்ரியேல் எட்டிங்கன்னு ஒரு பேராசிரியை, காலேஜ் முடிச்சு வேலை தேடற பசங்களை ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வேலை கிடைச்ச மாதிரி இனிப்பா நிறைய கனவு கண்டவங்களுக்கு வேலையும் கம்மியா வந்துச்சு, சம்பளமும் கம்மியா இருந்துச்சு, அவங்க விண்ணப்பம் போட்டதே குறைவு. கண்ணை மூடி சீட்டுல உக்காந்தாச்சுன்னா மனசுக்கு பாதி சம்பளம் வந்த மாதிரி, அப்புறம் எதுக்கு அது எழுந்து போய் கணக்கு போடப் போகுது. கனவே வேண்டாம்னு அவங்க சொல்லல, ஆசையை ஒரு நிமிஷம் நினைச்சுட்டு உடனே குறுக்க நிக்கற தடங்கல் என்னன்னு பாருங்க, அந்தத் தடங்கல் வந்தா இதைச் செய்வேன்னு முன்னாடியே ஒரு வரி எழுதி வையுங்கன்னாங்க.

உங்களுக்கு எப்படி இருக்கும்னா, பொதுத்தமிழ் 100-ல, பொது அறிவு 75-ல, திறனறிவு 25-ல எங்கெங்க எத்தனை விட்டீங்கன்னு ஆன்சர் கீயை வச்சு எடுங்க. திறனறிவுன்னு வச்சுக்கங்க, அதுல 25-க்கு 15-தான் வருது. தடங்கல் என்ன? மத்தியானம் சாப்பிட்டதும் போனை எடுக்கறேன், நாலு மணி ஆயிடுது. அப்ப எழுதுங்க: 'சாப்பிட்டுக் கை கழுவினா, போனை அப்பா கடை கல்லாவுல வச்சுட்டு, 10 கணக்கு போடுவேன்.' 'என்னால் முடியும்' போஸ்டரைக் கிழிச்சுட்டு இந்த வரியை ஒட்டுங்க. சுவரும் பாக்க நல்லா இருக்கும்.

இன்னொண்ணும் அக்காவா சொல்றேன். எத்தனை தடவை, எந்த வயசு வரைக்கும்னு அப்பாவோட உக்காந்து பேசி ஒரு எல்லை வைங்க, அதுக்குள்ளயே பகுதி நேரமா ஏதாவது வேலைக்குப் போங்க. ரெண்டாவது வழி கையில இருக்கறது நம்பிக்கை இல்லாததுக்கு அடையாளம்னு சில கோச்சிங் மேடையில பேசறாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு கிடையாது. பின்னாடி கதவு திறந்திருந்தாதான் நிம்மதியா முன்னாடி போய் நிக்க முடியும்.

கேள்வி: எங்க மாமியார் வாயில நல்லதே வராது. பையன் ஸ்கூல் டூர் கிளம்பினா 'போன வாரம்கூட ஒரு பஸ்ஸு கவுந்துச்சாம்'னு வாசல்ல நின்னு சொல்றாங்க. மேல தேவதைங்க ததாஸ்து சொல்லிடும்னு எனக்கு பகீர்ங்குது. நெகடிவ் ஆளுங்களை விட்டு விலகுங்கன்னு சொல்றாங்க, மாமியாரை விட்டு எங்க விலகறது? – வாசகி, மதுரை

விலகவே வேண்டாம், சமைச்சுப் போடறது யாரு அப்புறம்! நம்ம தமிழே இந்த விஷயத்துல ரொம்ப உஷாரான பாஷை. போறேன்னு சொல்லாம போயிட்டு வரேன்னு சொல்றோம், விளக்கு அணைஞ்சா மலையேறிடுச்சுங்கறோம், தாலிக்கயிறு அத்துப் போனா பெருகிடுச்சுங்கறோம். இலக்கணத்துல இதுக்கு மங்கலம்னு பேரே வச்சு தகுதி வழக்குல சேத்திருக்காங்க. அப்படிப்பட்ட வீட்டுல வளர்ந்த அம்மா வாசல்ல நின்னு பஸ் கவுந்ததைப் பேசறாங்கன்னா அது கெட்ட எண்ணம் இல்லம்மா, பேரன் மேல இருக்கற பயம் வடிகட்டாம வந்து விழுது. உங்களுக்கு கணவர் மேலயோ புள்ளை மேலயோ வர்ற அதே பயம்தான், நீங்க உள்ள வச்சுக்கறீங்க, அவங்க வெளியில விடறாங்க.

அடுத்த தடவை மறுத்துப் பேசாதீங்க. 'ஆமா அத்தை, எனக்கும் பயமாத்தான் இருக்கு, அவனுக்கு பஸ்ல வாந்தி வருமே, என்ன குடுத்து விடலாம்?'னு கேளுங்க. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே போகட்டும், இஞ்சி மரப்பா வாங்கிக் குடுன்னு அவங்க வாய் வேற பக்கம் போயிடும். பயத்துக்கு வேலை குடுக்கறதுன்னு கும்பகோணம் தங்கச்சிக்கு சொன்னேனே, அதேதான். தேவதைங்களைப் பத்தி கேட்டீங்க, அவங்க காதுல அத்தை சொல்றது விழுதுன்னா நீங்க தினமும் வேண்டிக்கறதும் விழும் இல்லையா.

கேள்வி: எனக்கு மார்பகப் புற்றுநோய், நாலு கீமோ முடிஞ்சிருக்கு. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் 'பாசிட்டிவா இரு, பாதி நோய் மனசுலதான்'னு சொல்றாங்க. ஒரு நாள் அழுதுட்டா, ஐயோ நான் அழுததால நோய் கூடிடுமோன்னு அதுக்கும் சேத்து பயம். – வாசகி, கோயம்புத்தூர்

அழுங்க. இதைத்தான் முதல்ல எழுதணும்னு நினைச்சேன். அழுததால கட்டி வளராது, சிரிச்சதால கரையாது. ஜேம்ஸ் கோய்ன்ங்கறவர் குழு தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கு மேல நோயாளிகளோட விவரத்தை அலசி 2007-ல வெளியிட்டாங்க, மனநிலை நல்லா இருந்ததுக்கும் எவ்வளவு நாள் உயிரோட இருந்தாங்கங்கறதுக்கும் தொடர்பே கிடைக்கல. 'பாதி நோய் மனசுல'ன்னு சொல்றவங்க, நோய் சரியாகலைன்னா அந்தப் பழியையும் நோயாளி தலையிலயே கட்டறோம்னு யோசிக்கறதில்ல. மருந்து மருந்தோட வேலையைச் செய்யும், நேரத்துக்குப் போய் ஏத்திக்கறது, சாப்பிட முடிஞ்சதை சாப்பிடறது, காய்ச்சல் வந்தா உடனே டாக்டரைக் கூப்பிடறது, இதுதான் உங்க பங்கு. சிரிச்ச முகமா இருக்கணும்ங்கறது அந்த லிஸ்ட்லயே கிடையாது.

புறநானூறு 194-வது பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும், பக்குடுக்கை நன்கணியார் பாடினது. ஒரு வீட்டுல சாவுப் பறை, இன்னொரு வீட்டுல கல்யாண முழவு, இப்படி ஒரு உலகத்தைப் படைச்சானே அவன் பண்பில்லாதவன்னு கடவுளையே நேரா திட்டிட்டு, 'இன்னாது அம்ம இவ்வுலகம்'னு ஒத்துக்கிட்டு, அதுக்கப்புறம்தான் 'இனிய காண்க'ங்கறார். மேடையில பேசறவங்க அந்த 'இனிய காண்க'வை மட்டும் எடுத்துக்கறாங்க. நீங்க முழுப்பாட்டையும் எடுத்துக்கங்க, திட்ட வேண்டிய அன்னிக்குத் திட்டுங்க, வாய்ப்புண் ஆறி மோர் சாதம் உள்ள இறங்கற அன்னிக்கு அது இனியது, அதையும் விட்டுடாதீங்க. சொந்தக்காரங்க மறுபடி ஆரம்பிச்சா, 'பாசிட்டிவா நானே இருந்துக்கறேன், நீங்க வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?'ன்னு கேளுங்க. பாதி பேர் காணாமப் போவாங்க, வர்ற மீதிப் பேர்தான் உங்க ஆளுங்க.

கேள்வி: தினமும் காலைல 60 பேருக்கு வாட்ஸ்அப்ல சூரியன், ரோஜாப்பூ போட்டு தன்னம்பிக்கை வாசகம் அனுப்பறேன். என் பொண்ணு கிண்டல் பண்றா. தப்பா? – வாசகர், ஈரோடு

தப்பில்ல சார், ஆனா 60 பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ரோஜாவை விட்டுட்டு 'முழங்கால் வலி எப்படி இருக்கு?'ன்னு கேட்டுப் பாருங்க. பதில் வர்ற வேகத்தைப் பொண்ணுகிட்ட காட்டுங்க.

கேள்வி: நாலாவது படிக்கற பையன், வகுத்தல் கணக்கைப் பாத்தாலே 'எனக்கு கணக்கு வராது'ன்னு நோட்டை மூடிடறான். நீ புத்திசாலிடா, உன்னால முடியும்னு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சு. – வாசகி, வேலூர்

'புத்திசாலி'யை முதல்ல நிறுத்துங்க. கிளாடியா முல்லர், கேரல் டுவெக்னு ரெண்டு பேர் 1998-ல அஞ்சாம் வகுப்புப் பசங்களை வச்சுப் பாத்ததுல, நீ புத்திசாலின்னு பாராட்டின பசங்க கஷ்டமான புதிர் வந்ததும் சீக்கிரம் கைவிட்டுட்டாங்க, நல்லா முயற்சி பண்ணினேன்னு பாராட்டின பசங்க விடாம உக்காந்து போட்டாங்க. தப்பாப் போட்டா புத்திசாலிப் பட்டம் போயிடுமேன்னு பயம் வந்துடுது, பாவம். அவன் வராதுன்னா 'இன்னும் வரலைன்னு சொல்லு'ன்னு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சேருங்க, அப்புறம் எந்த ஸ்டெப்ல நிக்கறான்னு கூட உக்காந்து பாருங்க. முக்காவாசி ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும்தான் காரணமா இருக்கும்.

கேள்வி: பாசிட்டிவா இருக்க ட்ரை பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன். ரெண்டு மாசமா விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கம் இல்ல. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. குழந்தை சிரிச்சாக்கூட எனக்கு ஒண்ணும் தோணல. நான் இல்லைன்னா இவங்களுக்கு நல்லதுன்னு சில நேரம் நினைக்கறேன். என்ன புத்தகம் படிக்கலாம்? – பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

இப்ப புத்தகம் வேண்டாம்மா. மத்தவங்களுக்கு எழுதின நோட்டு, மூணு வரி எதையும் நீங்க இப்போ செய்யாதீங்க, அது உங்களுக்கு பாரமாத்தான் இருக்கும். தூக்கம், பசி, சந்தோஷம் இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து போயிடுச்சுன்னாலே டாக்டர்கிட்ட காட்டணும், உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க எழுதியிருக்கறது யோசிக்கற விதத்துல வந்த பழக்கக் கோளாறு மாதிரி எனக்குத் தெரியல, மனச்சோர்வு நோய் மாதிரி இருக்கு, அதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு, குணமாகற நோய். தைராய்டு குறைஞ்சாலும் இப்படி ஆளை அமுக்கும், அதையும் டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனையில பாத்துடுவார். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, வெளிநோயாளி சீட்டு போட்டுட்டுப் போகலாம், வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

நான் இல்லைன்னா நல்லதுன்னு வர்ற அந்த நினைப்பை மட்டும் தனியா வச்சுக்காதீங்க. இன்னிக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்க, சொல்ல வாய் வரலைன்னா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க, 'இது நான் எழுதினதுதான்'னு. 14416-ங்கறது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச இலவச மனநல எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். மூணு மணிக்கு முழிப்பு வந்து விட்டத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க இல்ல, அந்த மூணு மணிக்கே அடிக்கலாம், யாரோட தூக்கமும் கெடாது, அவங்க அதுக்குத்தான் முழிச்சிருக்காங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, பாத்தாச்சுன்னு மட்டும் போதும், இந்தப் பத்தியில போட மாட்டேன்.